கண்ணாடிச் சாடிக்குள் ஒரு கண்மாய்

கரிசல் பூமியில் வாழும் நமக்கு நீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என விரிந்து கிடக்கும் இம்மானாவாரி நிலப்பரப்பில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே ஆண்டு முழுவதற்கும் உரிய கைம்முதல். அக்கைம்முதலைக் கண்மாயிலும் ஊருணியிலும் தேக்கிவைத்து, அளந்து செலவிட்டு வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். தேங்கிய நீர் உயிரோடு இருப்பதும், நாற்றமெடுத்துக் கெடுவதும் எதைப் பொறுத்தவை என்பதை அவர்கள் ஏட்டைப் புரட்டாமலே அறிந்திருந்தார்கள். அவ்வறிவை இன்றைய பிள்ளைகளுக்கு வீட்டுச் சன்னலோரத்திலேயே காட்டித் தரும் எளிய சாதனம் ஒன்று உண்டு. அதனைப் பற்றியே இங்கு காண இருக்கிறோம்.

அகன்ற வாயுள்ள ஒரு கண்ணாடிச் சாடி, அடியில் சிறிது மண், அதில் வேரூன்றிய சில நீர்க்கொடிகள், இரண்டொரு நத்தைகள், நான்கைந்து சிற்றிறால்கள். அவ்வளவே. காற்றூதும் மின்கருவி இல்லை, வடிகட்டி இல்லை, நாள்தோறும் இடவேண்டிய தீனியும் இல்லை. மின்சாரம் தடைப்பட்டாலும் இந்தச் சாடிக்குக் கவலை இல்லை. தன்னைத்தானே பேணிக்கொள்ளும் நீர்த்தொட்டி என்று இதனைப் பலர் புகழ்கின்றனர். இப்புகழ்ச்சி எந்த அளவுக்கு உண்மை? ஓர் உயிரைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு, அது தானே பிழைத்துக்கொள்ளும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? இக்கேள்விக்கு விடை காணாமல் சாடியை வாங்கப் புறப்படுவது நல்லதன்று.

புதினாக் கொத்தும் மெழுகுவத்தியும்

நீரின் கதைக்கு முன்னர்க் காற்றின் கதையைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்து நாட்டில் சமயப் போதகராகவும் அறிவியலாளராகவும் விளங்கிய ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர், 1771-ஆம் ஆண்டு ஒரு சோதனை செய்தார். மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் மெழுகுவத்தி எரிந்து அணைந்த பின், அக்கெட்ட காற்றில் ஒரு புதினாக் கொத்தை வைத்தார். சில நாட்கள் கழித்துப் பார்க்கையில், அதே காற்றில் மெழுகுவத்தி மீண்டும் எரிந்தது. சுண்டெலியும் மூச்சுத் திணறாமல் உயிர் வாழ்ந்தது. விலங்கு கெடுக்கும் காற்றைச் செடி திருத்துகிறது என்னும் உண்மை அன்று வெளிப்பட்டது.

ஆயினும் அவ்வுண்மையில் ஒரு பாதி மறைந்தே இருந்தது. 1779-ஆம் ஆண்டு யான் இங்கன்ஹவுஸ் என்னும் மருத்துவர் அதனைக் கண்டறிந்தார். செடியின் பசுமையான பகுதிகளே காற்றைத் திருத்துகின்றன. அதுவும் வெளிச்சத்தில் மட்டுமே. இருளில் செடியும் விலங்கைப் போலவே உயிர்க்காற்றைச் செலவிடுகிறது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்வோம். நம் சாடியின் வாழ்வும் சாவும் பல வேளைகளில் இதனைப் பொறுத்தே அமையும்.

நீரில் இவ்வொழுங்கை முறையாக அமைத்துக் காட்டியவர் லண்டன் மாநகரின் வேதியியலார் ராபர்ட் வாரிங்டன். 1849-ஆம் ஆண்டு, 12 காலன், அதாவது ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் கலம் ஒன்றில், இரண்டு சிறிய பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நாடா போன்ற இலைகளை உடைய நீர்ச்செடியையும் அவர் வைத்தார். தொடக்கத்தில் யாவும் நன்றாகவே நடந்தன. நாளடைவில் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகின, நீர் கலங்கிற்று. வாரிங்டன் ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்று நீரைத் தெளியவைத்தன; அவை இட்ட முட்டைகளோ மீன்களுக்கு இரையாயின. மீன், செடி, நத்தை என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்ற அக்காட்சியை, அடுத்த ஆண்டு அவர் அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். இன்று உலகெங்கும் உள்ள நீர்வாழ் காட்சியகங்களுக்கு அடிப்படை அமைத்த சோதனைகளுள் அதுவும் ஒன்று.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. நீரைத் தெளியவைத்தவை அழகிய பொன்மீன்கள் அல்ல. எவரும் ஏறெடுத்தும் பாராத நத்தைகளே. அழுகியதை உண்டு தீர்க்கும் உயிர் இல்லாத இடத்தில் அழகிய உயிருக்கும் வாழ்வில்லை.

முற்றும் அடைபட்ட உலகங்கள்

வாரிங்டனின் கலம் திறந்த வாயுள்ளது. வாயை முற்றிலும் அடைத்துவிட்டால் என்ன ஆகும்? 1960-களின் இறுதியில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் கிளேர் ஃபோல்சம் என்னும் அறிஞர், கடல்நீர், மணல், பாசி, நுண்ணுயிர்கள் ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவைகளில் இட்டுக் காற்றும் புகாதபடி அடைத்துவைத்தார். வெளியிலிருந்து ஒளியைத் தவிர வேறொன்றையும் பெறாமல், அக்குடுவைகளுள் சில ஆண்டுக்கணக்கில் பசுமையாகவே இருந்தன. விண்வெளிப் பயணங்களில் மனிதர் நெடுங்காலம் வாழ வழி தேடிக்கொண்டிருந்த அமெரிக்க அறிவியலார்க்கு இது பெரும் ஆர்வத்தை ஊட்டிற்று. ஜோ ஹான்சன் முதலியோர் அத்தகைய கலங்களில் சிற்றிறால்களையும் சேர்த்தனர். 1980-களில் கண்ணாடிக் கோளங்களுக்குள் அடைபட்ட இறால்கள் கடைகளில் விற்பனைக்கே வந்துவிட்டன.

அக்கோளங்களில் வைக்கப்பட்டவை ஹவாய்த் தீவுகளின் எரிமலைப் பாறைக் குட்டைகளில், கடல்நீரும் நன்னீரும் கலந்த இடங்களில் வாழும் ஹாலோகாரிடினா என்னும் செந்நிறச் சிற்றிறால்கள். ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள இவை பல்லாண்டு வாழ வல்லவை. பசியையும் நெடுநாள் பொறுப்பவை. கோளத்துக்குள் அவை ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருப்பதைக் கண்டு மக்கள் வியந்தனர். ஆனால் அங்கே அவை குஞ்சு பொரித்துப் பெருகுவது மிக அரிது. உயிர் வாழ்வது வேறு, பட்டினியைப் பொறுத்துக்கொண்டு காலம் தள்ளுவது வேறு அன்றோ? இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்கள், இறாலின் பொறுமையை நலம் என்று எண்ணி ஏமாறலாகாது எனக் குறை கூறினர். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு.

மனிதரையே அடைத்துவைத்துப் பார்த்த சோதனையும் நடந்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலப்பரப்பைக் கண்ணாடியாலும் எஃகாலும் மூடி, காடும் வயலும் சிறு கடலும் அமைத்து, 1991-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் எட்டுப் பேர் உள்ளே புகுந்தனர். அதற்குப் 'பயோஸ்பியர் 2' என்று பெயர். சுமார் 16 மாதங்களில் உள்ளிருந்த காற்றில் உயிர்க்காற்றின் அளவு 20.9 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 14.5 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து உயிர்க்காற்றைச் செலுத்தியே அவர்களைக் காக்க நேர்ந்தது. காரணம் யாதெனில், பயிர் செழிக்க வேண்டும் என்று இட்ட சத்து மிகுந்த மண்ணில் நுண்ணுயிர்கள் அளவு கடந்து பெருகி உயிர்க்காற்றை உண்டன. அவை வெளியிட்ட கரியமிலக் காற்றின் பெரும்பகுதியைச் செடிகள் பெறுமுன் காங்கிரீட் சுவர்கள் உறிஞ்சிக்கொண்டன. பெரும் பொருட்செலவில் எழுந்த அம்மாளிகையைத் தள்ளாடச் செய்தது வறுமை அன்று. மண்ணில் இருந்த மிகுதியே.

நம் மண்ணில் துயிலும் இறால்கள்

ஹவாயையும் அரிசோனாவையும் விட்டு, இனி நம் ஊருக்குத் திரும்புவோம். கடலோர ஊர்களிலிருந்து நம் சந்தைகளுக்கு வரும் கூனிப் பொடியை அறியாத இல்லத்தரசியர் இலர். அது கடலில் கூட்டமாகத் திரியும் மிகச் சிறிய இறாலின் உலர்ந்த உருவம். நன்னீரிலும் இத்தகைய சிற்றிறால்கள் உண்டு. காரிடினா என்னும் வகையைச் சேர்ந்தவை தமிழ்நாட்டின் ஆறுகளிலும் நீர் வற்றாத குளங்களிலும் வாழ்கின்றன. உடல் கண்ணாடி போல் இருப்பதால், உற்று நோக்குவார்க்கே அவை புலப்படும்.

கோடையில் வெடித்துப் பிளக்கும் குட்டைகளுக்கென்றே இறைவன் படைத்தாற்போன்ற உயிர்களும் உள்ளன. தென்னிந்தியாவின் மழைக்குட்டைகளில் ஸ்ட்ரெப்டோசெபாலஸ் என்னும் இறாலினச் சிற்றுயிர் தோன்றுகிறது. மல்லாந்து நீந்துவது இதன் வழக்கம். குட்டையில் நீர் நிற்கும் சில வாரங்களுக்குள் பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டு மடிந்துவிடும். முட்டைகளோ காய்ந்த சேற்றில் கோடையின் வெம்மையைத் தாங்கிக் கிடந்து, அடுத்த மழை வந்ததும் பொரிக்கின்றன. இதில் ஒரு நுட்பம் உண்டு. எல்லா முட்டைகளும் முதல் மழைக்கே விழித்துக்கொள்வதில்லை. ஒரு பகுதி அடுத்த மழைக்கும், அதற்கடுத்த மழைக்கும் எனத் துயில்கின்றன. முதல் மழையை நம்பி விதை முழுவதையும் தெளித்துவிடாமல், குதிரில் சிறிது நிறுத்திவைக்கும் கரிசல் உழவனின் முன்யோசனை போன்றது அது. இவ்வுயிர்களின் முட்டைத் துயிலைச் சென்னைப் பல்கலைக்கழக அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

இதன் நெருங்கிய உறவினம் தூத்துக்குடி உப்பளங்களில் வாழ்கிறது. ஆர்டீமியா என்பது அதன் பெயர். மீன்கள் வாழ இயலாத கடும் உப்பு நீரே அதற்கு இல்லம். அதன் உலர்ந்த முட்டைகள் மணல்துகள் போல் இருக்கும். உப்புநீரில் இட்டால் ஓரிரு நாட்களில் பொரித்துவிடும். இறால் குஞ்சுப் பண்ணைகளில் இதுவே சிறந்த இரை. 1960-களில் அமெரிக்காவில் இம்முட்டைகளைக் 'கடல் குரங்கு' என்று பெயரிட்டு, மனித முகத்தோடு படம் வரைந்து, சிறுவர் இதழ்களில் விளம்பரம் செய்து விற்றனர். வாங்கிய சிறுவர்கள் கண்டதோ கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் சிறு புழு போன்ற உயிரையே. அவ்வுயிரின் உண்மையான அதிசயம், வறட்சியைத் துயிலால் வெல்லும் அதன் ஆற்றல். பொய்ப்படம் அதனை மறைத்துவிட்டது.

எந்த இறாலை வளர்ப்பது?

வீட்டுச் சாடிக்கு ஏற்றது செர்ரி இறால் எனப்படும் நன்னீர்ச் சிற்றிறாலே. சீனா, தைவான் நாடுகளின் ஓடைகளைத் தாயகமாகக் கொண்ட இது, இன்று மதுரை, சென்னை போன்ற நகரங்களின் அலங்கார மீன் கடைகளில் கிடைக்கிறது. இரண்டரை சென்டிமீட்டர் அளவே வளரும். ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை வாழும். தாய் இறால் இருபது முப்பது முட்டைகளை வயிற்றின் அடியில் சுமந்து, மூன்று நான்கு வாரங்கள் ஓயாமல் கால்களால் விசிறிக்கொண்டே இருக்கும். பொரிக்கும் குஞ்சுகள் பெற்றோரின் சிற்றுருவாகவே வெளிவருகின்றன. கடல்நீர் தேவைப்படும் குஞ்சுப் பருவம் இதற்கு இல்லை. ஆதலின் சாடிக்குள்ளேயே தலைமுறை தொடர முடிகிறது. ஹவாய் இறாலுக்கு அடைபட்ட கோளத்தில் கிட்டாத பேறு இது.

சாடியை அமைக்கும் முறை

கடலைமிட்டாய்க் கடைகளில் வரிசையாக நிற்குமே, அத்தகைய அகன்ற வாய்ச் சாடி போதும். ஐந்து லிட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. சிறிய கலத்தில் நீர் விரைவில் சூடேறும், விரைவில் கெடும்.

அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கரிசல் மண். உரமிடாத, பூச்சிமருந்து படாத தரிசு மண்ணாக அது இருக்கட்டும். எருவிட்ட தோட்டத்து மண் வேண்டாம். அரிசோனாவில் நடந்ததே இங்கும் நடக்கும். கரிசல் மண்ணின் களித்துகள் நீரில் பரவினால் எளிதில் தெளியாது. எனவே நன்கு கழுவிய ஆற்றுமணலை மேலும் இரண்டு விரற்கடை பரப்பி மண்ணை மூடிவிட வேண்டும். நம் மண்ணில் கலந்து கிடக்கும் சுக்கான்கல் ஒன்றிரண்டைக் கழுவி மணல்மேல் வைக்கலாம். இறால் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிப் புதிய ஓட்டை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதற்குச் சுண்ணாம்புச் சத்து இன்றியமையாதது.

வாலிஸ்னேரியா, ஐதரில்லா போன்ற விரைந்து வளரும் நீர்ச்செடிகளை மணலில் ஊன்றுக. இவை நம் நாட்டு நீர்நிலைகளிலேயே வளர்பவை. பிறகு மணல் கலையாதபடி ஒரு தட்டின்மேல் மெல்ல நீரை ஊற்றுக. கோவில்பட்டி நகருக்குத் தாமிரபரணியிலிருந்து சீவலப்பேரி வழியாகக் குழாயில் வரும் நீராயின், குளோரின் நீங்கும் வண்ணம் இரண்டு நாட்கள் அகன்ற பாத்திரத்தில் திறந்துவைத்துப் பயன்படுத்த வேண்டும். தூய்மையான மழைநீரைச் சரிபாதி கலந்தால் இன்னும் நன்று. செம்புப் பாத்திரத்தில் வைத்திருந்த நீரை மட்டும் ஒருபோதும் ஊற்றலாகாது. நமக்கு நலம் தரும் எனப் போற்றப்படும் செம்பு, இறாலுக்கு நஞ்சு.

இதன்பின் செய்ய வேண்டிய செயல் ஒன்றுண்டு; பிள்ளைகளுக்கு அதுவே மிகக் கடினமானது. அதாவது, காத்திருத்தல். நத்தைகளை விட்டு, நான்கு முதல் ஆறு வாரங்கள் இறாலின்றியே சாடியை வைத்திருக்க வேண்டும். அழுகும் பொருள்களிலிருந்தும் கழிவுகளிலிருந்தும் அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் நீரில் சேர்கிறது. அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் இலைகளிலும் குடியேறிப் பெருக இக்காலம் தேவை. நைட்ரேட்டைச் செடிகள் உரமாக ஏற்றுக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இவ்வேலையாட்கள் வந்து சேருமுன் இறாலை விட்டால், அது தன் கழிவிலேயே மடியும். அவசரப்பட்டு விட்ட இறால் மறுநாளே மல்லாந்து கிடக்கக் கண்டு சோர்ந்துபோன சிறுவர் பலர்.

காத்திருந்த பின், ஐந்து லிட்டர்ச் சாடிக்கு ஐந்து இறால்களுக்கு மேல் வேண்டாம். கடையிலிருந்து கொணர்ந்த நீரோடு சாடி நீரைச் சிறிது சிறிதாக ஒரு மணி நேரம் கலந்து பழக்கி, அதன் பின்னரே உள்ளே விட வேண்டும். தீனி? இலைகளிலும் கண்ணாடியிலும் படரும் பாசியே போதும். வேண்டுமானால், நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த சருகில் ஒரு துண்டு இட்டுவைக்கலாம். அது பல வாரங்களுக்கு வரும். பசிக்குமே என்று இரக்கப்பட்டுச் சோற்றுப் பருக்கையையும் ரொட்டித் துணுக்கையும் இடுவதே பெரும்பாலான சாடிகளைக் கெடுக்கிறது.

நான்கு பகைகள்

நம் பகுதியில் இச்சாடிக்கு நான்கு பகைகள் உண்டு.

முதற்பகை வெயில். செர்ரி இறாலுக்கு 20 முதல் 28 டிகிரி வரையிலான வெப்பமே உகந்தது. கத்திரி வெயிலில் நம் வீடுகள் அதைத் தாண்டிவிடும். நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்துள்ள உயிர்க்காற்றும் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் உயிர்க்காற்றைக் கொள்ளும். 35 டிகிரியிலோ சுமார் 7 மில்லிகிராம்தான். இங்கன்ஹவுஸ் கண்டவாறு, இரவில் செடிகளும் அதனைச் செலவிடுவதால், விடியற்காலையே மிக நெருக்கடியான வேளை. அப்பொழுது இறால்கள் நீர்மட்டத்தில் வந்து மொய்த்தால் ஆபத்து என்று அறிக. இதற்கு மருந்து நம் மண்பானையிடம் உள்ளது. அகன்ற மண்தொட்டியில் ஈரமணலைப் பரப்பி அதன் நடுவே சாடியைப் புதைத்து வைத்தால், மணலின் ஈரம் ஆவியாகுந்தோறும் சாடி குளிரும். வெயில் நேரே விழாத, வெளிச்சம் மட்டும் வரும் வடக்குச் சன்னலே தக்க இடம்.

இரண்டாம் பகை உப்பு. ஆவியாகி வெளியேறுவது நீர் மட்டுமே. அதில் கரைந்திருந்த உப்புகள் சாடியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரையே மேலும் மேலும் ஊற்றினால், சாடி மெல்ல மெல்லத் தூத்துக்குடி உப்பளமாகிவிடும். அங்கே ஆர்டீமியா வாழலாம், செர்ரி இறால் வாழாது. ஆகவே குறையும் நீரை மழைநீரால் நிரப்புவதே முறை. ஐப்பசி மழையில் இரண்டு புட்டிகள் பிடித்துவைத்தால் பல மாதங்களுக்குக் காணும்.

மூன்றாம் பகை பூச்சிமருந்து. இறால் பூச்சிகளுக்கு உறவினம். பூச்சியைக் கொல்லும் மருந்து அதனையும் கொல்லும். பருத்திக்கு மருந்தடித்த கையைச் சாடியில் இடுவதோ, அச்சாடி இருக்கும் அறையில் கொசுமருந்து தெளிப்பதோ கூடாது. வயல் வாய்க்காலில் பறித்த நீர்க்கொடியைப் பல முறை கழுவி, சில நாட்கள் தனி நீரில் வைத்திருந்தே நட வேண்டும்.

நான்காம் பகை கொசு. இது இறாலுக்கன்று, நமக்குப் பகை. டெங்கு பரப்பும் கொசு வீட்டுக்குள் தேங்கிய தெளிந்த நீரையே நாடும். இறால் அதன் புழுக்களைத் தின்று தீர்க்கும் என்று நம்பியிருக்கலாகாது. சாடியின் வாயை மெல்லிய மல் துணியால் இறுகக் கட்டிவைத்தால், காற்று புகும், கொசு புகாது.

மூடிவிடலாமா?

அப்படியாயின், ஃபோல்சம் செய்தவாறு சாடியை அடைத்தே விடலாமே என்று சில இளைஞர் கேட்பர். பாசியும் நுண்ணுயிரும் மட்டும் உள்ள புட்டியை அடைத்துவைத்துப் பார்க்கலாம். அது நல்ல பாடம். ஆனால் இறாலை விட்டபின் அடைப்பதை நாம் ஏற்கவில்லை. நீர் சூடேறும்பொழுதும், ஓர் இறால் மடிந்து நீர் கெடும்பொழுதும், கை நீட்டி உதவ வழியில்லாதபடி நம்மை நாமே தடுத்துக்கொள்வது அது. ஓர் உயிரை நம் பொறுப்பில் ஏற்றபின், பொறுப்பைக் கழற்றிவிடும் சாதனத்தைப் புதுமை என்று கொண்டாடுவது முறையாகாது.

மெய்யாகச் சொல்லப்போனால், தன்னைத்தானே பேணிக்கொள்ளும் சாடி என்று ஒன்று இல்லை. அடைத்த கோளமும் ஞாயிற்றின் ஒளியைக் கடன் வாங்கியே வாழ்கிறது. நம் சாடியோ ஒளியோடு, காற்றையும், அவ்வப்போது ஒரு குவளை மழைநீரையும், நம் கண்காணிப்பையும் கேட்கிறது. அது கேட்பது மிகக் குறைவு. ஆனால் அக்குறைவு ஒருபோதும் ஒன்றுமில்லை என்றாகாது. இந்நுண்ணிய வேறுபாட்டைப் பிள்ளைகள் உணர்ந்துகொண்டால், சாடி வைத்ததன் பயன் முழுவதும் கிட்டிவிட்டது எனலாம்.

பெற்றோர்க்கு ஒரு சொல். சாடியினருகே ஒரு குறிப்பேட்டை வைத்து, வாரத்துக்கு ஒருமுறை நாள், நீரின் அளவு, எண்ண முடிந்த இறால்கள், செடியின் நிலை ஆகியவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். கண்ணாடி போன்ற வெற்றுச் சட்டை அடியில் கிடந்தால் இறால் இறந்துவிட்டது என்று பிள்ளை அழக்கூடும். அது கழற்றிய பழைய ஓடு, அதிலுள்ள சுண்ணாம்பை இறாலே மீண்டும் தின்னும், எடுக்க வேண்டாம். உடல் வெளிறிச் செந்நிறமாகக் கிடந்தால் மட்டுமே அது சாவு. அப்பொழுது வேறொன்று வாங்கித் தருகிறேன் என்று உடனே ஆறுதல் கூறிவிடாமல், குறிப்பேட்டைத் திறந்து, வெயிலா, தீனி மிகுந்ததா, எண்ணிக்கை கூடிற்றா என்று பிள்ளையோடு அமர்ந்து ஆராயுங்கள். கடையில் மாற்றிக்கொள்ளும் பொம்மையன்று அது என்பதைச் சொல்லாமலே உணர்த்தும் வேளை அதுவே.

இறால்கள் பெருகிச் சாடி நிறைந்துவிட்டால் மற்றொரு வீட்டுக்குக் கொடுங்கள். கண்மாயிலோ ஓடையிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அழகுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நம் நீர்நிலைகளை மூடியதையும், வளர்ப்புக்காக வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி நாட்டு மீன்களைத் தின்று தீர்ப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். இரக்கத்தால் செய்யும் செயலும் அளவறியாவிடில் தீங்காகும்.

ஊருணியும் சாடியும்

சாடி கற்பிக்கும் பாடம் சாடியோடு முடிந்துவிடுவதில்லை. நிலத்தடி நீர் உவர்ப்பாக இருந்த கரிசல் ஊர்களில், மழைநீர் தேங்கிய ஊருணியே குடிநீர். அதில் கால் கழுவலாகாது, துணி துவைக்கலாகாது, மாட்டை இறக்கலாகாது என்று ஊரார் கட்டுப்பாடு வகுத்திருந்தனர். மாட்டுக்கு வேறு குட்டை இருந்தது. கோடையில் வற்றியபின் வண்டலை வாரி வயலில் கொட்டினர். ஊரே கூடிச் செய்த அப்பணிக்குக் குடிமராமத்து என்று பெயர். தமிழக அரசு 2017-ஆம் ஆண்டு அதே பெயரில் திட்டம் ஒன்றைத் தொடங்கியதும் நாம் அறிந்ததே. சத்து மிகுந்தால் பாசி மிகும். பாசி அழுகினால் உயிர்க்காற்று தீரும். உயிர்க்காற்று தீர்ந்தால் நீர் நாறும். இவ்விதி சாடிக்கும் ஊருணிக்கும் ஒன்றே. சாடியில் இட்ட ஒரு பிடி சோறு எதைச் செய்கிறதோ, அதையே கண்மாயில் கலக்கும் சாக்கடையும் செய்கிறது. பரப்பளவு மட்டுமே வேறு.

சாடியில் மிகுதியான தீனியால் நீர் கலங்குவதை ஒருமுறை கண்ணால் கண்ட பிள்ளை, ஊர்க் குளத்தில் குப்பை கொட்டும் கையைத் தயங்காமல் தடுக்கும். நீரை வாழவைப்பது நாம் கொடுப்பதைக் காட்டிலும், கொடாமல் நிறுத்திக்கொள்வதே என்பதை அது அறிந்திருக்கும். வரும் ஐப்பசியில் முதல் மழை ஓய்ந்து கூரை கழுவப்பட்ட பின், இரண்டு புட்டிகளில் மழைநீர் பிடித்துவையுங்கள். சாடியை அப்பொழுதே அமைத்து, இறாலுக்கு மட்டும் மார்கழி வரை காத்திருங்கள். வெயில் தணிந்த அம்மாதத்தில் சாடிக்குள் குடிபுகும் ஐந்து சிற்றிறால்கள், அடுத்த கோடையைக் காணுமா என்பது உங்கள் இல்லத்தாரின் கையடக்கத்தைப் பொறுத்தது.